கற்குவை ஆய்ந்த மெடோஸ் டெய்லர்

முன்னுரை

தமிழ்நாட்டின் மலையடிவாரங்களிலும், உழவுக்கு உதவாத மேட்டு நிலங்களிலும், ஏரிக்கரைகளை அடுத்த கரம்புகளிலும் வட்டமாகப் பதிக்கப்பெற்ற பெருங்கற்களைக் காணலாம். அவ்வட்டத்தின் நடுவே சிறு கற்கள் குவிந்து திட்டுப்போல உயர்ந்திருக்கும். ஆடு மேய்க்கும் சிறுவர் அதன்மேல் அமர்ந்து இளைப்பாறுவர். ஊர்ப் பெரியோர் அவற்றைப் பாண்டவர் குழி என்றும், குள்ளர் வீடு என்றும் கூறுவர். காட்டில் மறைந்து வாழ்ந்த பஞ்சபாண்டவர் கட்டியவை அவை என்று ஒரு கதை வழங்கும். முழ உயரமே வளர்ந்த குள்ள மாந்தர் குடியிருந்த இல்லங்கள் அவை என்று மற்றொரு கதை வழங்கும்.

உண்மையில் அவை வீடுகள் அல்ல. நம் முன்னோர் தம்முள் இறந்தாரை அடக்கம் செய்த இடங்கள் ஆகும். உடலையோ எலும்பையோ குழியில் இட்டு, மண்ணால் மூடி, மேலே கற்களைக் குவித்தால் அது கற்குவை எனப்படும். சுற்றிலும் பெருங்கற்களை நட்டால் அது கல்வட்டம் ஆகும். பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு, நிலத்துக்குமேல் அமைத்தது கல்திட்டை. நிலத்துக்குள் அமைத்தது கற்பதுக்கை. பெரிய மட்கலத்துள் எலும்புகளை இட்டுப் புதைத்தது முதுமக்கள் தாழி. சங்க நூல்களிலும் பதுக்கையும் தாழியும் பேசப்படுகின்றன. இவற்றை எல்லாம் பெருங்கற்காலச் சின்னங்கள் என்று அறிஞர் பொதுவாக வழங்குவர். இவற்றை அமைத்த மக்கள் இரும்பை உருக்கி வாளும் வேலும் செய்யக் கற்றிருந்தனர்.

எழுத்தில் வரலாறு எழுதி வைக்காத மக்களின் வாழ்வை அறிவதற்கு இக்கற்குவைகளே ஏடுகள். அவ்வேடுகளைக் கிழியாமல் விரித்துப் படிக்கும் முறையை இந்திய நாட்டில் முதன்முதலாகக் காட்டியோருள் சிறந்தவர் மெடோஸ் டெய்லர் என்பவர். அவர் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். தொல்பொருள் ஆய்வைத் தொழிலாகக் கொண்டவரும் அல்லர். எனினும் அவர் செய்த பணி ஒன்றே கால் நூற்றாண்டன்று, ஒரு நூற்றாண்டு கடந்தும் அறிஞர்க்கு வழிகாட்டியாக நின்றது. அவர்தம் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

பிலிப் மெடோஸ் டெய்லர் 1808ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் 25ஆம் நாள் இங்கிலாந்து நாட்டு லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு வணிகர். குடும்பத்தின் செல்வம் குறைந்தமையால், மகனை நெடுங்காலம் படிக்கவைக்க அவரால் இயலவில்லை. பம்பாயில் பெருவணிகர் ஒருவர் இருப்பதாகவும், அவரிடம் பணிபுரிந்தால் பின்னர் வணிகத்தில் பங்கும் கிடைக்கும் என்றும் கேள்வியுற்ற தந்தையார், மகனை அங்கு அனுப்பத் துணிந்தார். பதினைந்து வயதே நிரம்பிய சிறுவன், பெற்றோரைப் பிரிந்து பல திங்கள் கடலில் பயணம் செய்து, 1824ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினான்.

அங்கு அவனுக்காகக் காத்திருந்தது ஏமாற்றமே. பெருஞ்செல்வர் என்று சொல்லப்பட்ட வணிகர் கடனில் மூழ்கிக் கிடந்தார். வாக்களித்தபடி பங்கு கொடுக்க அவரிடம் யாதும் இல்லை. அந்நிய நாட்டில், துணையற்ற நிலையில், சிறுவன் மனம் தளர்ந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் டெய்லர் தளரவில்லை. பம்பாய் அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த உறவினர் ஒருவர் உதவியால், அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே ஐதராபாத் நிஜாம் மன்னரின் படையில் ஓர் இடம் அவருக்குக் கிடைத்தது.

தம் கல்வி பாதியில் நின்றுவிட்டதை டெய்லர் என்றும் மறக்கவில்லை. பள்ளி தர இயலாததைத் தாமே தேடிக்கொள்ள முனைந்தார். இந்துஸ்தானி மொழியை மக்களோடு பழகிக் கற்றார், பாரசீகமும் பயின்றார். நில அளவை, சட்டம், நிலநூல், ஓவியம் ஆகியவற்றையும் நூல்களைத் துணையாகக் கொண்டு தாமே கற்றுத் தேர்ந்தார். இவற்றுள் நில அளவையும் ஓவியமும் பின்னாளில் அவருக்கு எவ்வளவு பயன்படப் போகின்றன என்பதை அப்போது அவரே அறிந்திருக்க மாட்டார்.

நிஜாம் நாட்டுப் பணி

சில ஆண்டுகள் அவர் காவல் துறையிலும் பணியாற்றினார். அக்காலத்தில் தக்கர் என்னும் கொடியோர் வழிப்போக்கரைப் போல வேடம் பூண்டு, பயணிகளோடு நட்புக் கொண்டு, தனித்த இடத்தில் அவர்களைக் கழுத்தை இறுக்கிக் கொன்று, பொருளைக் கவர்ந்து வந்தனர். அவர்களைப் பற்றித் திரட்டிய செய்திகளைக் கொண்டு டெய்லர் ஒரு புதினம் எழுதினார். தக்கன் ஒருவன் தன் வாக்குமூலத்தைத் தானே கூறுவதுபோல அமைந்த அந்நூல் 1839ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. பல பதிப்புகள் கண்ட அந்நூலால் அவர் பெயர் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் எல்லாம் பரவிற்று. அடுத்த ஆண்டில் திப்பு சுல்தான் வரலாற்றை வைத்து மற்றொரு புதினமும் எழுதினார். பல ஆண்டுகள் இலண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு இந்தியச் செய்திகளையும் அனுப்பி வந்தார்.

புகழ் பெற்ற எழுத்தாளர் பலர் தலைநகரங்களை நாடிச் செல்வர். டெய்லரோ மீண்டும் தக்காண நாட்டின் கருங்கற்பாறைகளுக்கிடையே தம் பணிக்குத் திரும்பினார். கற்குவைகளோடு அவரைப் பிணைத்தது அத்திரும்புதலே.

சுராபுரத்தில்

கிருஷ்ணை ஆற்றுக்கும் பீமா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் சுராபுரம் என்னும் சிற்றரசு இருந்தது. இன்று அது கர்நாடக மாநிலத்து யாத்கிர் மாவட்டத்தைச் சார்ந்தது. வேடர் குலத்தவர் அதனை ஆண்டு வந்தனர். அரசர் இறந்து, அவர் மகன் வேங்கடப்ப நாயகர் சிறுவராய் இருந்தமையால், நாட்டில் பூசல்கள் எழுந்தன. இளவரசர் வயது வரும்வரை ஆட்சியைக் கவனிப்பதற்காக 1841ஆம் ஆண்டில் டெய்லர் அங்கு அனுப்பப்பெற்றார்.

பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். வரவு செலவுகளைச் சீர் செய்தார், பூசல்களை அடக்கினார், ஊர் ஊராகச் சென்று குடிகளின் குறைகளைக் கேட்டார். சுராபுரத்துக் குன்றின்மேல் அவர் கட்டிக்கொண்ட இல்லம் இன்றும் டெய்லர் மன்சில் என்று வழங்குகின்றது. அவ்வாண்டுகளிடையே, 1844இல், அவருடைய மனைவியார் மேரி காலமானார். பெண்மக்கள் தொலைவில் இருந்தனர். தனிமைத் துயரைக் கடமையினாலும் கல்வியினாலும் அவர் ஆற்றிக்கொண்டார்.

இளவரசர் டெய்லரைத் தந்தைபோல் கருதினார். 1853இல் நாட்டை அவரிடம் ஒப்படைத்து டெய்லர் விடைபெற்றார். ஆனால் 1857ஆம் ஆண்டு வடநாட்டில் மூண்ட விடுதலைப் பெருங்கிளர்ச்சி தக்காணத்தையும் எட்டியபோது, இளம் அரசர் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார். 1858இல் அவர் தோல்வியுற்றுச் சிறைப்பட்டார். காவலுடன் கொண்டு செல்லப்படும் வழியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிர் துறந்தார். வேங்கடப்ப நாயகரை விடுதலைப் போரில் உயிர் கொடுத்த வீரராகக் கர்நாடக மக்கள் இன்றும் போற்றுகின்றனர். தாம் வளர்த்த பிள்ளையும் தாம் பணிபுரிந்த அரசும் எதிரெதிர் நின்ற அந்நிகழ்ச்சி, டெய்லரின் வாழ்வில் ஆறாத புண்ணாயிற்று.

கற்குவைகளைக் கண்டமை

சுராபுரத்து ஊர்களைச் சுற்றிவந்த காலத்திலேதான் டெய்லரின் கண்கள் கற்குவைகள்மேல் பட்டன. பீமா ஆற்றங்கரையை அடுத்த ஜேவர்கி என்னும் ஊருக்கருகே கல்வட்டங்கள் திரளாகக் கிடந்தன. இராசன் கோளூரில் பலகைக் கற்களால் ஆன கல்திட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. விபூதிஹள்ளியில் பெரும்பாறைகள் கோடு இழுத்தாற்போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவ்வூர் மக்கள் கல்திட்டைகளை மோரியர் மனை என்று அழைத்தனர். மோரியர் என்போர் மிகச் சிறிய உருவினர் என்பது அவர்கள் நம்பிக்கை. தமிழ்நாட்டில் வழங்கும் குள்ளர் வீட்டுக் கதையும் இதுவும் ஒன்றே அன்றோ? நெடுந்தொலைவு பிரிந்த ஊர்கள் ஒரே கதையைச் சொல்வது, அச்சின்னங்களை அமைத்தவர் யார் என்பதை மக்கள் எவ்வளவு முழுமையாக மறந்துவிட்டனர் என்பதையே காட்டுகின்றது.

டெய்லருக்கு முன்னரும் சிலர் இத்தகைய குழிகளைத் திறந்ததுண்டு. மலையாள நாட்டில் தாம் கண்ட பாண்டுக் குழிகளைப் பற்றிப் பாபிங்டன் என்பவர் எழுதிய கட்டுரை 1823ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஆனால் அக்காலத்தில் குழி தோண்டியோருள் பெரும்பாலோர் புதையலையே தேடினர். மண்வெட்டியால் நடுவிலே வெட்டி இறங்குவர், பொன் அகப்பட்டால் எடுத்துக்கொள்வர், மட்கலங்களை உடைத்து எறிவர், எலும்புகளைச் சிதறவிடுவர். அறிவு வேட்கையால் தோண்டியோரும் அழகிய பொருள்களை மட்டும் எடுத்துச் சென்றனர். அவை எந்த ஆழத்தில், எதன் மேல், எதன் அருகில் கிடந்தன என்பதை எழுதிவைத்தோர் அரியர்.

இம்முறையில் உள்ள கேடு யாது? பானை ஒன்று எலும்பின் தலைமாட்டில் இருந்தால், அது இறந்தோர்க்கு இட்ட படையல் என்று கருதலாம். அதே பானை மேல்மண்ணில் கிடந்தால், பிற்காலத்தில் எவரோ போட்டது என்று கொள்ளவேண்டும். பானை ஒன்றேயாயினும், கிடந்த இடம் மாறினால் அது கூறும் செய்தியும் மாறும். பொருளை அருங்காட்சியகத்தில் என்றும் வைத்துக் காக்கலாம். அது கிடந்த நிலையையோ, ஒருமுறை கலைத்துவிட்டால் எவராலும் திரும்ப அமைக்க முடியாது.

அகழ்ந்த முறை

இவ்வுண்மையை டெய்லர் தாமே உணர்ந்தார். 1850ஆம் ஆண்டையொட்டி ஜேவர்கிக் கற்குவைகளுட் சிலவற்றை அவர் அகழ்ந்தார். முதலில் வட்டத்தின் அகலத்தையும், கற்களின் எண்ணிக்கையையும், குவையின் உயரத்தையும் அளந்தார். பின்னர் குவையைக் குறுக்காக வெட்டி, பலாப்பழத்தை அரிந்து உள்ளிருக்கும் சுளையைக் காண்பதுபோல, வெட்டுப் பக்கத்தில் தோன்றிய அடுக்குகளைக் கண்டார். மேலே குவிந்த கற்கள், அதன் கீழே மண், மண்ணுக்குள் நிறுத்திய பலகைக் கற்கள், அடியிலே எலும்பும் கலங்களும் என ஒவ்வொன்றும் எங்கு இருந்ததோ அங்கேயே விளங்குமாறு படமாக வரைந்தார். தாமே கற்ற நில அளவையும் ஓவியமும் இங்கே கைகொடுத்தன. மேலிருந்து பார்க்கும் தோற்றத்தையும், நடுவே பிளந்து பார்க்கும் தோற்றத்தையும் அளவு பிசகாமல் அவர் தீட்டிய படங்கள் அக்கால இந்தியாவில் காண்டற்கு அரியவை.

கற்குவைகளினுள்ளே மனித எலும்புக்கூடுகள் இருந்தன. ஈட்டி முனை, அம்பு முனை முதலிய இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் உடன் வைக்கப்பட்டிருந்தன. பெருங்கற்காலச் சின்னங்களில் பொதுவாகக் கிடைக்கும் கலங்கள் உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பாகவும், வெளியே சிவப்பாகவும் இருக்கும். கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறம் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும். கறுப்பு சிவப்புக் கலங்கள் எனப்படும் இவை தென்னாடு முழுவதும் கிடைக்கின்றன.

கல்திட்டைகளையும் டெய்லர் வகைப்படுத்தினார். சிலவற்றில் ஒருபுறம் திறந்திருந்தது. சிலவற்றில் நான்கு புறமும் மூடி, ஒரு பலகைக் கல்லில் மட்டும் வட்டமான துளை குடையப்பட்டிருந்தது. இக்காலத்தார் அதனை இடுதுளை என்பர். இரும்பு உளியாலும் பொறுமையாலும் கருங்கல்லில் அத்துணை வட்டமாகத் துளையிட்ட கைகளின் திறமை எண்ணி வியத்தற்குரியது.

தாம் கண்டவற்றைப் பம்பாயில் இயங்கிய ஆசியக் கழகக் கிளையின் இதழில் 1850களின் தொடக்கத்திலேயே அவர் வெளியிட்டார். பின்னர் 1860களில் அயர்லாந்து நாட்டு அரச கழகத்தின் வெளியீட்டில் விரிவான கட்டுரையாகப் படங்களுடன் எழுதினார்.

பிழைபட்ட கொள்கையும் பிழைபடாத பதிவும்

டெய்லர் எல்லாவற்றிலும் சரியான முடிவுக்கே வந்தார் என்று கூறுதல் இயலாது. தம் தாய்நாட்டிலும் இத்தகைய கற்குவைகளும் கல்திட்டைகளும் இருப்பதை அவர் அறிவார். இரண்டும் தோற்றத்தில் ஒத்திருந்தமையால், ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்டியர் அல்லது நடு ஆசியாவில் வாழ்ந்த சித்தியர் என்னும் இனத்தாரே தக்காணத்துக்கும் வந்து இவற்றை அமைத்திருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். உருவ ஒற்றுமை ஒன்றையே கொண்டு இன ஒற்றுமையை நிறுவ முடியாது என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஐரோப்பியப் பெருங்கற் சின்னங்கள் பல, தென்னாட்டுச் சின்னங்களினும் காலத்தால் மிக முற்பட்டவை. இரும்பை அறியாத மக்கள் அமைத்தவை. ஆகவே அக்கொள்கையை அறிஞர் கைவிட்டனர்.

சில குவைகளில் தலை வேறு உடல் வேறாக எலும்புகள் கிடந்ததைக் கண்ட டெய்லர், அங்கே நரபலி நடந்திருக்கவேண்டும் என்று எண்ணினார். பிற்கால ஆய்வாளரோ, பழங்காலத்தில் உடலை முதலில் வெளியே கிடத்தி, பின்னர் எலும்புகளைத் திரட்டிப் புதைக்கும் வழக்கம் இருந்தமையைச் சுட்டிக்காட்டினர். எலும்புகள் இடம் மாறிக் கிடப்பதற்கு அதுவும் காரணமாகலாம்.

அங்ஙனமாயின் அவர்தம் உழைப்பு வீணாயிற்றோ? இல்லை. அவர் கொள்கை பிழைபட்டது. ஆனால் அவர் பதிவு பிழைபடவில்லை. எலும்பு எங்கே கிடந்தது என்பதை அவர் வரைந்து வைத்தமையால் அன்றோ, அவர் கூறிய காரணம் பொருந்துமா என்று பின்னோர் ஆராய முடிந்தது? தம் எண்ணத்துக்கு ஏற்பக் காட்சியைத் திருத்தாமல், கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மை அறிஞர்க்கு இன்றியமையாத பண்பு. அப்பண்பு டெய்லரிடம் நிறைந்திருந்தது.

இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், மண்ணடுக்குகளைக் கவனித்து அகழும் முறையை இந்திய மாணவர் பலர்க்குக் கற்பித்தார். 1947இல் கர்நாடகத்துப் பிரமகிரியில் பெருங்கற் சின்னங்களை அகழ்ந்தவரும் அவரே. அகழாய்வு முறை பற்றி அவர் 1954இல் வெளியிட்ட நூலில், நூறு ஆண்டுகளுக்கு முன் டெய்லர் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துக்காட்டிப் பாராட்டினார். அதற்கு முன்பே, 1941இல், டெய்லரின் கட்டுரைகளை ஐதராபாத் அரசின் தொல்பொருள் துறை ஒரு நூலாக வெளியிட்டிருந்தது.

இறுதி நாட்கள்

சுராபுரத்தை விட்டபின் டெய்லர் நல்துர்க்கத்திலும் பேராரிலும் மாவட்ட ஆட்சி புரிந்தார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, படைத்துணை இன்றியே தம் மாவட்டத்தில் அமைதி காத்தார். குடிகள் அவர்பால் வைத்திருந்த நம்பிக்கையே அவருக்குப் படையாயிற்று. உடல்நலம் குன்றியமையால் 1860இல் பணியினின்றும் விலகித் தாய்நாடு திரும்பினார்.

ஓய்வுக் காலத்திலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. பிசப்பூர், தார்வார், மைசூர்ப் பகுதிகளின் கட்டடக் கலை பற்றி 1866இல் வெளியான நூல்களில் வரலாற்றுப் பகுதியை எழுதினார். மாணவர்க்குரிய இந்திய வரலாறு ஒன்றை 1870இல் வெளியிட்டார். மராட்டியர் எழுச்சியையும், 1757, 1857ஆம் ஆண்டுகளின் நிகழ்ச்சிகளையும் பின்னணியாகக் கொண்டு புதினங்கள் இயற்றினார். பார்வை மங்கிய நிலையிலும், 1875இல் மீண்டும் ஐதராபாத்துக்கு வந்தார். தாம் இளமை முதல் உழைத்த நாட்டை அவர் கடைசியாகக் கண்டது அப்போதுதான். திரும்பும் வழியில், பிரான்சு நாட்டு மெந்தோன் நகரில், 1876ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் எழுதிவைத்த தன் வரலாற்றை மகளார் ஆலிஸ் மறு ஆண்டில் பதிப்பித்தார்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது

டெய்லர் மறைந்த அதே 1876ஆம் ஆண்டில், தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் ஜெர்மானியராகிய ஜாகர் என்பவர் தாழிகளை அகழ்ந்தார். அங்குக் கிடைத்த பொருள்கள் பெர்லின் நகரத்து அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டன. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பவர் அங்கே பெரிய அளவில் அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களும், வெண்கலக் கலங்களும், இரும்பு வாள்களும், வேல்களும் கண்டெடுத்தார். அவை சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றன. 2004ஆம் ஆண்டில் அங்கு மீண்டும் அகழாய்வு நடந்தபோது 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. 2023ஆம் ஆண்டில், தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்து மக்கள் காணும்படி ஒரு காட்சிக்கூடம் அங்குத் திறக்கப்பெற்றது. எடுத்துச் செல்வதினும் இருந்த இடத்தில் காப்பதே மேல் என்னும் தெளிவு பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆதிச்சநல்லூருக்கு அண்மையில் உள்ள சிவகளையில், தாழி ஒன்றினுள் இருந்த நெல்மணிகளைக் காலக் கணிப்புச் செய்ததில், அவை கி.மு. 1155ஆம் ஆண்டளவைச் சேர்ந்தவை என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அவ்வூரில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகின்றது. ஒரு பிடி நெல்லும் ஒரு துண்டுக் கரியும் தமிழர் வரலாற்றின் தொடக்கத்தைப் பல நூற்றாண்டுகள் பின்னே கொண்டு சென்றன. அத்தாழிகளைப் புதையல் தேடுவோர் முன்னரே கிளறியிருந்தால், நெல் மண்ணோடு கலந்திருக்கும். கரி காற்றோடு போயிருக்கும். நாம் இன்று எதனையும் அறிந்திருக்க மாட்டோம்.

காவலும் கடமையும்

கற்குவைகளுக்கு இன்று பகை பல. சாலை போடுவோர்க்கும் வீடு கட்டுவோர்க்கும் அவற்றின் கற்கள் எளிதாகக் கிடைக்கும் சல்லியாகத் தோன்றுகின்றன. நிலத்தைச் சமன் செய்யும் பொறிகள், மூவாயிரம் ஆண்டு நின்ற கல்வட்டத்தை ஒரு நாழிகையில் பெயர்த்துவிடுகின்றன. புதையல் உண்டு என்னும் பேராசை இன்னும் மறைந்தபாடில்லை. கோயிலுக்குக் கோபுரம் உண்டு. கோட்டைக்கு மதில் உண்டு. அவற்றின் பெருமையைக் காண்போர் தாமே உணர்வர். கற்குவையோ கல்லும் மண்ணுமாய்த் தாழ்ந்து கிடக்கின்றது. அதன் பெருமையை அறிந்தோர் சொன்னாலன்றி மற்றோர் அறியார்.

ஆகவே சட்டம் அவற்றுக்குத் துணை நிற்கின்றது. மண்ணுள் கிடைக்கும் புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்படின், அதனை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என 1878ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904இல் பிறந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1958இல் விரிவான சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. தமிழ்நாடு அரசும் 1966இல் தனிச் சட்டம் இயற்றியது. நடுவண் அரசால் காக்கப்படும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடம் எழுப்பத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. அத்தகைய சின்னத்தைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் உள்ள பெருங்கற் சின்னங்கள் பல இங்ஙனம் காக்கப்படுகின்றன. கர்நாடகத்து ஹிரேபெனகல் கல்திட்டைகள் 2021ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலிலும் இடம் பெற்றன.

எனினும் எல்லாக் கற்குவைகளுக்கும் அரசு காவலரை நிறுத்துதல் இயலாது. பட்டியலில் ஏறாத கற்குவைகளுக்கு ஊராரே காவலர். நாட்டின் மரபுச் செல்வத்தை மதித்துக் காப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று நம் அரசியலமைப்பும் கூறுகின்றது. மேற்கு மலைத்தொடரை அண்டிய சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களில் வாழும் மாணவர், விடுமுறை நாளில் காடு மேடுகளில் நடக்கும்போது வட்டமாய் நட்ட கற்களைக் கண்டால், அவற்றைப் பெயர்த்தலும் தோண்டலும் ஆகா. உடைந்த பானை ஓட்டினைக் கூட எடுத்து வருதல் ஆகாது. கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, தலைமை ஆசிரியரிடமோ, கிராம நிருவாக அலுவலரிடமோ, தொல்லியல் துறையாரிடமோ தெரிவித்தலே தக்க செயல். பயிற்சி இல்லாதவர் கை பட்ட கற்குவை, பக்கங்கள் கலைந்த ஏடு போலாகும்.

அகழ்தலும் ஒருவகையில் அழித்தலே ஆகும். முறையான பதிவு ஒன்றே அவ்வழிவுக்கு ஈடு செய்யும். மெடோஸ் டெய்லரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. பள்ளிப் படிப்புப் பாதியில் நின்ற ஒருவர், அன்பும் உழைப்பும் நேர்மையும் துணையாக, மறந்துபோன மக்களின் கல்லறைகளைப் பேச வைத்தார். பெயர் பொறிக்கப்படாத அக்கற்களின் கீழே உறங்குவோர் நம் முன்னோர். அவர்கள் உறக்கத்தைக் கலைக்காமல் காப்பதும், அவர்கள் விட்டுச் சென்ற செய்தியைப் பின்வரும் தலைமுறைக்குச் சிதையாமல் ஒப்படைப்பதும் நம் கடன் ஆகும்.